வாஷரில் ஒரு கையெழுத்து

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 2010-ல் படிப்பை முடித்த இயந்திரவியல் பிரிவு மாணவர்.)



"ஜப்பான்லே இருக்கே, ரோபோ பத்தி ஏதாவது பேசுப்பா" என்றுதான் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். ரோபோ பற்றி என்னைவிட இங்கே உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அதிகம் தெரியும். அதனால் என் பையில் இருக்கிற ஒரு துண்டு இரும்பைப் பற்றிப் பேசுகிறேன். 8 செ.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன். இதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அலைந்தேன். இத்தனைக்கும் அதிலே கையெழுத்து இருக்கிறது! கையெழுத்து இருக்கிற பொருளுக்கு ஆளைத் தேடுவானேன் என்று கேட்பீர்கள். அதுதான் கதை.

ஜப்பானிய வாளைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே வட்டமாக ஒரு தட்டு இருக்கும். குத்தும்போது கை நழுவி அலகின் மேல் போய்விடாமல் தடுப்பது அதுதான். அதற்குப் பெயர் ட்சுபா. முதல் எழுத்தை விழுங்கிவிட்டுச் சுபா என்று சொன்னால் நம் வாய்க்குச் சுலபம். ஒருநாள் நான் போனில் நண்பரிடம், "சுபாவைப் பார்த்தேன், ரொம்ப அழகு, விட்டுட்டு வரவே மனசில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் மனைவி காதில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த வாரம் அதை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தேன். "இதுதானா உங்க சுபா? கிரைண்டர்லேர்ந்து கழண்டு விழுந்த வாஷர் மாதிரி இருக்கு" என்றாள். விலையைச் சொன்னேன். மறுபடியும் இரண்டு நாள் பேசவில்லை. 1,20,000 யென்.

இயந்திரவியல்காரனாகச் சொன்னால் அவள் சொன்னது பாதி சரிதான். நடுவே ஆப்பு வடிவத்தில் ஒரு ஓட்டை. வாளின் அடிக்காம்பு அதில் நுழையும். சிலவற்றில் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். உறையோடு செருகி வைக்கிற சிறு கத்தி போன்ற சாமான்களுக்காக. நடு ஓட்டையைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு சமதளம். தட்டு முழுக்க எவ்வளவு சித்திர வேலை செய்தாலும் இந்த இடத்தை மட்டும் மொழுக்கென்று விட்டுவிடுவார்கள். மேலும் கீழும் மெல்லிய செம்பு வாஷர்கள் அங்கேதான் உட்காரும். செய்தவர் தன் பெயரை வெட்டுவதும் அதே இடத்தில்தான். ஆக, வாளைப் பூட்டிவிட்டால் கையெழுத்து மறைந்துபோகும். இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற சாமுராயே அதைப் பார்க்க முடியாது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நாமெல்லாம் கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக்கொடுத்தால்கூட வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதுகிறவர்கள் அல்லவா!

என் சுபாவில் ஒரு மூங்கில் தோப்பு. இரும்பைத் துளைத்துத் துளைத்து மூங்கில்களைத் தனித்தனியாக நிற்க வைத்திருக்கிறார். நடுவே பெரியவர்கள் சிலர். அங்கி செம்பிலும் கருத்த உலோகத்திலும், முகங்கள் வெள்ளியில், அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தங்கம். இது ஒரு சீனக் கதை. 3-ஆம் நூற்றாண்டில் ஏழு அறிஞர்கள் அரசாங்க உத்தியோகமே வேண்டாமென்று மூங்கில் தோப்பில் கூடிக் குடித்து, பாடி, பேசிக் காலம் கழித்தார்களாம். நம் ஹாஸ்டல் மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணிப் பார்த்ததில் ஆறு பேர்தான் கிடைத்தார்கள். ஏழாவது ஆளை, பின்பக்கம் ஒரு மூங்கிலுக்குப் பின்னால் பாதி முகத்தோடு ஒளிந்திருந்தவரை, கண்டுபிடித்தது என் ஐந்து வயது மகள்.

சரி, கையெழுத்து. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் உளியால் வெட்டிய எழுத்துகள். எனக்குத் தெரிந்த ஜப்பானிய எழுத்தெல்லாம் தொழிற்சாலைப் பலகை எழுத்து: "கையை நீட்டாதே", "தலைக்கவசம் அணிக". இதுவோ பழைய எழுத்து. சின்ன வயசில் நாலணாக் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி தேய்த்தேன். வாள் ஆராய்கிறவர்கள் செய்வதும் அதுதான். மெல்லிய காகிதமும் மெழுகு கலந்த மைக்கட்டியும் வைத்துத் தேய்ப்பார்கள். நம் கல்வெட்டுக்காரர்கள் எடுக்கும் மைப்படிக்குத் தம்பி முறை.

படி எடுத்ததும் எழுத்துகள் பளிச்சென்று வந்துவிட்டன. இந்தக் கையெழுத்துகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர், பிறகு 'குடியிருப்பவர்' என்ற எழுத்து, பிறகு பெயர், கடைசியில் 'செய்தது'. நம்மவர்கள் இனிஷியலில் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வது போலத்தான். என்னுடையதில் இருந்தது: கோஷூ ஹிகோனே ஜூ, மொகராஷி ந்யூதோ சோதென் செய். கோஷூ என்பது பழைய ஓமி மாகாணம், இன்றைய ஷிகா மாவட்டம். ஹிகோனே அங்கே உள்ள கோட்டை நகரம். ந்யூதோ என்றால் வீட்டிலிருந்தபடியே தலையை மழித்துத் துறவு ஏற்றவர். சோதென் என்பது பெயர். மொகராஷி என்பது அவருடைய புனைபெயர். அதைச் சோஹெய்ஷி என்றும் படிக்கிறார்கள், சோதெனையே முனெனோரி என்றும் படிக்கலாம். இந்த எழுத்துகளில் இது ஒரு தொல்லை. பெயர் முழுசாகக் கண்முன்னே இருந்தாலும் அந்த ஆள் தன்னை எப்படி அழைத்துக்கொண்டார் என்பது அதிலிருந்து தெரியாது.

இந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்து வைக்கிற பழக்கம் ஜப்பானில் பழையது. 1781-லேயே ஓசாகாக்காரர் இனாபா ட்சூர்யூ, வாள் அணிகலன் செய்தவர்களைப் பற்றிச் 'சோகென் கிஷோ' என்று ஏழு பகுதிகளில் ஒரு நூல் போட்டிருக்கிறார். 2001-ல் ராபர்ட் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் பல ஆயிரம் பெயர்களோடு மூன்று தொகுதி அட்டவணை வெளியிட்டார். சோதென் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால், ஓகோ, பிரமாதமாக இருக்கிறது! எடோ காலத்தின் நடுப்பகுதி, சுமார் 18-ஆம் நூற்றாண்டு. கிதகவா குடும்பம். இரும்பைத் துளைத்து மனிதர்களை நிற்க வைக்கிற இந்த வேலைக்கே 'ஹிகோனே செதுக்கு' என்று பெயர். நான் துள்ளிக் குதித்தேன். ஆள் கிடைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான் இருப்பது நகோயா பக்கம். அங்கிருந்து மாயிபரா போய், அதற்கு அடுத்த ஸ்டேஷன் ஹிகோனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபாவைப் பட்டுத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பிவா ஏரிக்கரையில் அழகான கோட்டை. தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்டைகளில் ஒன்று. ஆண்ட குடும்பத்தின் பெயர் ஈ. சிரிக்காதீர்கள், ஜப்பானில் பெரிய பெயர் அது. அவர்கள் படைக்குச் சிவப்புக் கவசம்தான் அடையாளம். அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அகழியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். 'ஐயா சோதென், உம்மை உம் ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்ததாக நம் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிற்சாலையில் வருகிற உலோகத்தைச் சோதிக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி ஒன்று உண்டு. ஹேர் டிரையர் மாதிரி இருக்கும். உலோகத்தின் மேல் வைத்து விசையை அழுத்தினால் அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று திரையில் சொல்லும். மேலாளரிடம் அனுமதி கேட்டு, மதிய இடைவேளையில் சுபாவை அதன் கீழே வைத்தேன்.

தம்பிகளே, இது பரீட்சையிலும் வரலாம், கவனியுங்கள். 1856-ல் பெஸ்ஸமர் தன் முறையை அறிவித்தார். அதற்குப் பிறகு வந்த உருக்கில், ஆக்சிஜனையும் கந்தகத்தையும் கட்டுப்படுத்த மாங்கனீஸ் சேர்க்கும் வழக்கம் வந்தது. இன்று கடையில் வாங்குகிற சாதாரண மைல்ட் ஸ்டீலில் பெரும்பாலும் 0.3 சதவீதத்துக்குக் குறையாமல் மாங்கனீஸ் இருக்கும். ஜப்பானின் பழைய ததரா உலையிலோ இரும்பு மணலையும் மரக்கரியையும் போட்டு உருக்கினார்கள். அந்த இரும்பில் மாங்கனீஸ் மிகவும் சொற்பம். என் சுபாவில் கருவி மாங்கனீஸே காட்டவில்லை. கருத்த அங்கியில் செம்போடு கொஞ்சம் தங்கம் காட்டியது. அது ஷகுதோ என்கிற கலவை. செம்பில் சிறிது தங்கம் சேர்த்து, ரசாயனக் கரைசலில் போட்டு எடுத்தால் காக்கைச் சிறகு போல நீலக்கறுப்பு ஏறும்.

பழைய இரும்பு! பழைய கலவை! கையெழுத்து வேறு! இதற்கு மேல் என்ன வேண்டும்? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சொன்னது ஒருவர் காதுக்குப் போய், அவர் மூலம் இன்னொருவர் வந்தார். பணக்காரர் வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கலைப்பொருள் வாங்கிக்கொடுக்கிற ஆள். 5,00,000 யென் தருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: "நீங்கள் பொறியாளர். சோதனை செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

அப்போது வீட்டில் பணமுடை. ஊரில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இங்கே மகளைப் பள்ளியில் சேர்க்கிற நேரம். அன்று ராத்திரியே எழுதினேன். 'சோதென் சுபா: உலோகப் பரிசோதனை அறிக்கை' என்று தலைப்பு. இரும்பில் மாங்கனீஸ் காணப்படவில்லை. நவீன உருக்குக்கான அறிகுறி இல்லை. அங்கியில் செம்பும் தங்கமும் உள்ளன. கையெழுத்தின் வாசகம் இன்னது. அவ்வளவுதான். அதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று தோன்றியது. சந்தேகத்தால் இல்லை, உண்மையைச் சொன்னால் பெருமை அடித்துக்கொள்ளத்தான். எங்கள் கம்பெனியின் டை ஷாப்பில் 38 வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சுபாதான் பொழுதுபோக்கு. நகோயாவில் ஓசு கன்னோன் கோயில் வாசலில் மாதம் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கேதான் அவரோடு எனக்குப் பழக்கம்.

அவர் வாங்கிப் பார்த்தார். முதலில் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பை விரலால் தடவினார், ஜன்னல் பக்கம் திருப்பித் துருவின் நிறத்தைப் பார்த்தார், பிறகு நடு ஓட்டையை லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது ஒருநாள்கூட வாளில் ஏறியதில்லை" என்றார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒவ்வொரு வாளின் காம்பும் ஒவ்வொரு அளவு. சுபாவைப் பூட்டும்போது ஓட்டையை அரத்தால் அகட்டுவார்கள், அல்லது ஓரத்தில் உளியால் குத்தி இறுக்குவார்கள், அல்லது செம்புத் துண்டு வைத்து அடைப்பார்கள். சமதளத்தில் வாஷர் உட்கார்ந்து தேய்ந்த தடம் இருக்கும். என்னுடையதில் ஒன்றுமே இல்லை. ஓட்டையின் ஓரங்கள் நேற்று வெட்டினது போல. எழுத்துகளும் அப்படியே கூர்மையாக. அதனால்தான் எனக்கு மைப்படி அவ்வளவு பளிச்சென்று விழுந்தது! நான் அதைத் தரத்துக்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு முகங்களைக் காட்டினார். "ஏழு பேரையும் வரிசையாகப் பாருங்கள். அண்ணன் தம்பிகளா?" பார்த்தேன். ஏழு பேருக்கும் இரண்டு புள்ளிக் கண், ஒரு கோடு வாய். ஒரே முகம். மாசக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தவன், எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்திருக்கிறேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, நல்ல வேலை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு சோதென் படத்தைக் காட்டினார். அதிலே ஒருவர் சிரிக்கிறார், ஒருவருக்குத் தூக்கம், ஒருவர் காதை இந்தப் பக்கம் கொடுத்துக் கேட்கிறார். தலை ஒவ்வொன்றும் அரிசி பருமன்தான்.

கடைசியில்தான் கையெழுத்துக்கு வந்தார். சோதென் பாணி ஓகோவென்று விற்றிருக்கிறது. அதனால் மற்றவர்களும் அதே மாதிரி செய்தார்கள்; செய்ததோடு அந்த நீளக் கையெழுத்தையும் ஊர்ப்பெயரோடு சேர்த்து வெட்டினார்கள். முக்கியமாக வடகிழக்கே ஐஸுவில், இன்றைய ஃபுகுஷிமா மாவட்டத்தில், ஷோஅமி வழிக் கைவினைஞர்கள் நிறையச் செய்ததாகச் சொல்கிறார்கள். 'ஐஸு சோதென்' என்றே பழம்பொருள்காரர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஹிகோனேயில் குடியிருப்பவன் என்று எழுதினவர்களில் எத்தனை பேர் ஹிகோனேயைப் பார்த்தார்களோ! 1876-ல் அரசாங்கம் வாள் தரித்து நடப்பதையே தடை செய்துவிட்டது. கைவினைஞர்கள் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். கானோ நட்சுவோ போன்ற பெரிய மேதைக்கு மெய்ஜி நாணயங்களுக்கு அச்சு வெட்டும் வேலை கிடைத்தது. எல்லோரும் நட்சுவோ ஆக முடியுமா? வெளிநாட்டுக்காரர்கள் கலைப்பொருளாகச் சுபா வாங்கினார்கள், பெட்டி பெட்டியாகக் கப்பலேறியது. பாஸ்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் இன்று அவ்வளவு சுபா இருப்பது அதனால்தான். அந்தக் காலத்தில் வாளுக்கென்று இல்லாமல் விற்பனைக்கென்றே செய்ததாக என்னுடையது இருக்கலாம் என்பது பெரியவரின் கணிப்பு.

"ஆனால் மாங்கனீஸ்?" என்றேன். விடுவேனா நான்!

"ஐஸுவிலும் அதே பழைய இரும்புதானே கிடைத்திருக்கும்" என்றார். "இரும்பு பழசு என்பது உண்மை. இரும்புக்குச் சோதெனைத் தெரியுமா?"

ஒரு விஷயத்தையும் சொன்னார். கையெழுத்து என்பது எல்லா இடத்திலும் ஒரே பொருள் கொண்டதல்ல. கோதோ என்ற பெரிய குடும்பம் ஒன்று. 15-ஆம் நூற்றாண்டில் யூஜோ தொடங்கி 17 தலைமுறை. ஆரம்பத் தலைமுறைகளின் வேலையில் கையெழுத்தே கிடையாது. பின்னால் வந்த பேரன்மார்கள், இது எங்கள் பாட்டன் செய்தது என்று மடித்த தாளில் சான்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளுக்குப் பெயர் ஓரிகாமி. குழந்தைகள் கொக்கு மடிக்கிற ஓரிகாமியேதான். மடித்த காகிதம் என்றுதான் அர்த்தம். ஓபான் என்ற பெரிய தங்கக் காசில் மையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அந்தக் குடும்பம்தான். அங்கே கையெழுத்து என்றால் பொறுப்பு. மாணவன் செய்ததற்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டு பெயர் போடுகிற வழக்கமும் உண்டு, அதுவும் மோசடியில் சேராது. என்னுடையதில் இருப்பது இரண்டும் இல்லை. வெறும் ப்ராக்ஸி. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்று நண்பனுக்காகக் குரல் கொடுப்போமே, அது. முன் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் யாருக்குக் குரல் கொடுத்தேன் என்று அந்த ஆளுக்கே தெரியும்.

ரயிலில் திரும்பி வரும்போது பையில் அந்த அறிக்கை இருந்தது. எடுத்துப் படித்தேன். ஒரு வாக்கியமும் பொய் இல்லை. இப்பவும் இல்லை. தலைப்பில் 'சோதென் சுபா' என்று இருக்கிறது, கையெழுத்து அப்படித்தானே சொல்கிறது? வாங்குகிறவர் சோதென் செய்தது என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. நாளைக்கே யாராவது கேட்டாலும், 'உலோகத்தை மட்டும்தான் சோதித்தேன்' என்று சொல்லித் தப்பிக்கலாம். மனசு எப்படியெல்லாம் வக்காலத்து வாங்கும் பாருங்கள்.

எனக்கு நம் உலோகவியல் ஆய்வகம் ஞாபகம் வந்தது. மூன்றாம் ஆண்டு. ராக்வெல் கடினத்தன்மைச் சோதனை. எங்கள் பேட்சில் நான் சோதனை நாளன்று மேட்ச் பார்க்கப் போய்விட்டேன். பிறகு நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க நான்கைந்து எண்களை ஒன்று கூட்டி ஒன்று குறைத்தேன். ஐயா பார்த்தார். திட்டவில்லை. "எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. ஆனா இதை அளந்தது யாருன்னு எனக்குத் தெரியலையே, நான் எதுக்குக் கீழே கையெழுத்துப் போடறது?" என்று ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று சனிக்கிழமை தனியாக நின்று எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். ஐயா, நீங்கள் மறந்திருப்பீர்கள். அந்த மூன்று சனிக்கிழமையும் நான் உங்களைத் திட்டிக்கொண்டேதான் அளந்தேன்.

அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'சோதென் பாணியிலும் சோதென் பெயரிலும் வேறு ஒருவர் செய்தது. வாளில் பூட்டிய அடையாளம் இல்லை. ஐஸுவாக இருக்கலாம் என்பது அனுபவமுள்ள ஒருவரின் கருத்து. செய்தவர் பெயர் தெரியாது.' கீழே என் பெயர். வந்தவர் படித்துப் பார்த்தார், மரியாதையாகத் தலை குனிந்தார், போனார். மறுபடி வரவில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு என் மனைவி வளையலை வைத்துப் பணம் அனுப்பினோம். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நான் சோதென் கையெழுத்து இருக்கிறது என்றுதான் சொன்னேன், சோதென் செய்தார் என்று சொல்லவில்லையே" என்றார். என் முதல் அறிக்கை எழுதினவனுக்கு அண்ணன்!

நியாயமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. சோதென் இல்லை, சரி. அப்படியானால் யார்? ஏழு முகத்தையும் ஒரே மாதிரி வெட்டிய ஒரு மனிதர் இருந்திருக்கிறார் இல்லையா? டோக்கியோவில் ரியோகோகுவுக்கு 2018-ல் மாறிவந்த வாள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அதை நடத்துகிற சங்கம் 1948-லிருந்து இருக்கிறது. வாளையும் சுபாவையும் பரிசீலித்துச் சான்று வழங்குவதும் அவர்கள்தான். கையெழுத்து பொய்யென்றால் சான்று கிடையாது. கண்ணாடிக்குள் இருந்ததெல்லாம் பெரிய பெயர்கள். என் ஆளுக்கு அங்கே இடமில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். பாலோனியா மரப் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே மூன்று சுபா. மூன்றிலும் அதே கையெழுத்து: ஹிகோனே, மொகராஷி, சோதென். "எல்லாம் பொய்தான். என் சின்ன வயசு ஏமாளித்தனம்" என்று சிரித்தார். பிறகு மூன்றுக்கும் மைப்படி எடுத்து, என்னுடையதையும் எடுத்து, நாலு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.

மொகராஷியில் முதல் எழுத்து 'மோ', நீர்ப்பாசி என்று அர்த்தம். 19 கோடுகள் கொண்ட சிக்கலான எழுத்து. மேலே புல், இடப்பக்கம் தண்ணீருக்கு மூன்று துளி, வலப்பக்கம் மூன்று சின்னச் சதுர வாய்கள், அவற்றுக்குக் கீழே ஒரு மரம். முதல் சுபாக்காரர் மூன்று வாயையும் ஒழுங்காகச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தார். இரண்டாவது ஆள் அவசரக்காரர். வாய்கள் வெறும் குழிகள். மூன்றாவதில் கீழ் வாய்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு நடுச்சுவரோடு நின்றன. தண்ணீர்த் துளியில் மூன்றாவது மட்டும் உளியை மேலே தூக்காமல் இழுத்தது போல வால் நீண்டு, பக்கத்துக் கோட்டைத் தொட்டது.

என்னுடையதைப் பார்த்தேன். ஒட்டின இரண்டு வாய். நடுச்சுவர். வால் நீண்ட துளி.

"உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். கைப்பழக்கத்தை எங்கே தீட்டுவது?" என்றார் 38 வருஷ டை ஷாப்காரர். சுபாக்களைத் திருப்பினோம். மூன்றாவதில் இருந்தது மூங்கில் இல்லை, போர்க்களக் காட்சி. ஆனால் குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் அதே இரண்டு புள்ளிக் கண், அதே கோடு வாய். குதிரைக்கும்கூட! பாறைக்குப் பின்னால் ஒரு ஆள் பாதி முகத்தோடு ஒளிந்திருந்தான். என் மகள் கண்டுபிடித்த அந்த ஏழாவது ஆள் மாதிரியே. இதையெல்லாம் வைத்து ஒரே கை என்று சத்தியம் செய்ய முடியாது, ஒரே பட்டறையாகவும் இருக்கலாம் என்று பெரியவர் எச்சரித்தார். எனக்குச் சந்தேகமில்லை.

அந்த மனிதருக்குப் பெயர் இல்லாமல் எப்படிப் பேசிக்கொள்வது? நாங்கள் இருவரும் அவரை 'ஒளிந்திருப்பவர்' என்று கூப்பிடுகிறோம். இப்போது சந்தைக்குப் போனால், எல்லோரும் உதறித் தள்ளுகிற பொய்ச் சோதென் சுபாவைத்தான் நான் முதலில் எடுத்து, 'மோ' எழுத்தில் வால் நீண்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இரண்டுதான் கிடைத்தது: பெரியவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. மூன்றாவது கிடைத்தால் அடுத்த ஒன்றுகூடலில் சொல்கிறேன்.

சுபா இதோ என் பையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் அந்த ஓரத்து மேஜையில் வைக்கிறேன், லென்ஸும் இருக்கிறது, வந்து பாருங்கள். ஒரே வேண்டுகோள். மெஸ் வடையைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் தயவுசெய்து கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடவும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், உள்ளங்கை வியர்வை பட்டால் சிவப்புத் துரு ஏறிவிடும். ஏழாவது ஆள் எங்கே என்று நான் சொல்ல மாட்டேன். என் மகளைக் கேளுங்கள்.